ஐ.சி.சி. (காலேஜுல பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கிற கமிட்டி) விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு, புள்ளைக்கு நான் எப்பிடித் துணையா இருக்க?

திருமங்கலம் தையல்கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. எழுத்துல தப்பிருந்தா மன்னிச்சுக்கங்க, போன்ல பேசித்தான் எழுத வைக்கிறேன்.

திருமங்கலத்துல சின்னதா தையல்கடை வச்சிருக்கேன். எங்க அண்ணன் மக என் வீட்டுல தங்கி மதுரைப் பக்கம் ஒரு காலேஜுல முதுகலை ரெண்டாம் வருசம் படிக்கிறா. அண்ணன் வீடு உசிலம்பட்டிக்கு அங்கிட்டு, ரெண்டு பஸ் மாறணும், அதான் இங்க வந்து இருக்கா. அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்ச புள்ள. இளங்கலை படிக்கையில மாசம் வந்த புதுமைப்பெண் ஆயிரம் ரூவாயில ஐநூறை அப்பன் கையில கொடுத்துட்டு மிச்சத்துல புஸ்தகம் வாங்குனவ.

விசயம் இதான். ப்ராஜெக்டுக்கு கைடா இருக்குற சார் ராத்திரி பதினோரு மணிக்கு மேல மெசேஜ் போடுறது, ஞாயித்துக்கிழமை தனியா லேபுக்கு வரச் சொல்றது, அப்பிடி வரச் சொன்ன ஒருநாள் தோள்ல கைய வச்சு... அதுக்கு மேல அவ சொல்லல, நானும் தோண்டல. ஒரு மாசத்துக்குள்ளயே ஐ.சி.சி.ல எழுதிக் கொடுத்துட்டா. தனியாத்தான் போயிருக்கா. எனக்கே பெறகுதான் தெரியும்.

வர்ற வியாழக்கிழமை காலையில 11 மணிக்கு விசாரணைண்டு கடிதம் வந்திருக்கு. அதோட அந்த சார் கொடுத்த பதிலையும் நாலு பக்கம் சேத்து வச்சிருக்காக. இவளுக்கு வருகை கம்மியாம், கண்டிச்சதுக்குப் பழி வாங்குறாளாம், ஒரு பையனோட சுத்துறாளாம். அதைப் படிச்சதுல இருந்து புள்ள சரியா சாப்பிடல. முந்தாநாள் ராத்திரி ஒண்ணேகாலுக்கு முழிப்பு வந்து பாக்குறேன், கடைப்பக்கம் லைட்டு எரியுது. கல்யாண ஆர்டருக்குக் கொக்கி கட்டாம கெடந்த ஜாக்கெட்டு அம்புட்டையும் மடியில போட்டுக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. பதினோரு ஜாக்கெட்டு. ஒண்ணுல கொக்கி தலைகீழா இருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. பக்கத்துல உக்காந்து ஊசியில நூல் கோத்துக் கொடுத்தேன்.

எனக்கு என்ன தெரியணும்னா, நான் உள்ள கூடப் போகலாமா? அந்தாளு எதுக்கவே இவளை உக்கார வச்சுக் கேப்பாகளா? ப்ராஜெக்ட் மார்க்கு அவரு கையில, ஏப்ரல்ல வைவா வேற இருக்கு. வெளிய யாருக்கும் சொல்லக்கூடாதுண்டு அவகிட்டக் கையெழுத்து வாங்கியிருக்காக, அப்ப எங்கிட்டச் சொன்னதே தப்பாயிருமா? அண்ணன் வேற தினம் போன் போட்டு, "படிச்சது போதும், கூட்டியாந்து விட்டுரு"ங்கிறாரு. அவருக்கு நாலு பேரு என்ன சொல்லுவாகளோண்டு பயம். எனக்கும் பயந்தான், ஆனா வேற பயம்.

(திருத்தம்: கீழ ஒரு அக்கா சொன்னதுக்குப் பெறகு துறைப் பேரையும் காலேஜு இருக்குற ஊர்ப் பேரையும் எடுத்துட்டேன்.)


மாட்டுத்தாவணி மாப்ள எழுதியது:

எதுக்கு இதெல்லாம். நாலு பேர் போய் அந்தாளை வாசல்லயே வச்சு வெளுத்தா அடுத்த நாளே சரியாயிரும்.


ரிட்டையர்டு சூப்பிரண்டு எழுதியது:

மாப்ள, நீங்க வெளுத்துட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. மறுநாள் அந்தப் பிள்ளைதான் அந்த வாசல் வழியா வகுப்புக்குப் போகணும். அடிச்ச கேசு முன்னாடி வந்துரும், அவ கொடுத்த புகார் பின்னாடி போயிரும். தயவுசெஞ்சு யாரும் போகாதீங்க.

தங்கச்சி, முதல்ல நீங்க துறைப் பேரை எடுத்துருங்க. ஊர், துறை, வருசம் மூணும் சேந்தா ஆளைக் கண்டுபிடிக்க அஞ்சு நிமிசம் போதும். 2024 டிசம்பர்ல சென்னையில அண்ணா பல்கலைக்கழகப் பிள்ளை வழக்குல முதல் தகவல் அறிக்கையே வெளிய கசிஞ்சுச்சு. அதுக்கு 25 லட்சம் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. ஆனா பரவுன பேரைத் திரும்ப அள்ள முடியுமா?

நான் ஒரு காலேஜ் ஆபீஸ்ல 26 வருசம் இருந்து ரிட்டையர் ஆனவ. கடைசி நாலு வருசம் இந்தக் கமிட்டியில மெம்பர். வாத்தியார்கள் மட்டும் உக்கார்ற கமிட்டின்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல. ஆசிரியர் இல்லாத பணியாளர் ரெண்டு பேர் இருக்கணும், மாணவர் சம்பந்தப்பட்ட விசயம்னா மாணவர் பிரதிநிதி மூணு பேர், வெளிய இருந்து ஒருத்தர், மொத்தத்துல பாதிக்குக் குறையாம பெண்கள். தலைவி கல்லூரின்னா இணைப் பேராசிரியருக்குக் குறையாத பெண்ணா இருக்கணும். வேலை பாக்குற இடத்துல நடக்குற பாலியல் தொல்லைக்கு எதிரா 1997ல உச்ச நீதிமன்றத்தோட விசாகா தீர்ப்பு, 2013ல சட்டம். எங்க காலேஜுல போர்டு மாட்டினது 2016ல யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி வந்ததுக்கு அப்புறம்தான். அதுவும் ஜெராக்ஸ் ரூம் கதவுக்குப் பின்னாடி.

கடிதத்துல கமிட்டிக்காரங்க பேர் இருந்தா ஒரு தடவை பாருங்க. துறைத் தலைவர், டீன், பதிவாளர் மாதிரிப் பெரிய நிர்வாகப் பொறுப்புல இருக்கிறவங்க அதுல உக்காரக் கூடாது. உக்காந்திருந்தா இப்பவே எழுதிக் கேளுங்க, முடிவு வந்த பிறகு கேட்டா "தோத்ததுனால கேக்குறாங்க"ம்பாங்க.

நீங்க உள்ள போறதப் பத்தி. வக்கீலைக் கூட்டிட்டு வரக்கூடாதுன்னு விதியே இருக்கு, ரெண்டு தரப்புக்கும்தான். மத்தபடி ஒரு ஆள் கூட வரலாமான்னு எழுத்துல கேளுங்க, தலைவி மனசு வச்சா விடுவாங்க. நாங்க ஒரு பிள்ளைக்கு அவ அக்காவை விட்டோம், வாயே திறக்கக் கூடாதுன்னு சொல்லி. விடலைன்னா வளாகத்துக்குள்ளயே உக்காந்திருங்க. "வெளியதான் இருக்கேன், எந்நேரமும் வரலாம்"னு நீங்க சொல்ற சொல்லே பாதி தெம்பு.

எதுக்க உக்காரணுமாங்கிறதுக்கு ஒரு விசயம் சொல்றேன். இதுவரைக்கும் வீட்டுல கூடச் சொல்லாதது.

ஒரு பிள்ளை புகார் கொடுத்திருந்தா. ரெண்டு பேருக்கும் 11 மணின்னு கடிதம் போட்டுட்டாங்க. டெஸ்பாட்ச் நான்தான். வெளிய வராண்டாவுல இருந்தது ஒரே பெஞ்சு. அந்தாளு ரெண்டு சகாக்களோட வந்து அதுல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு இருக்காரு. பிள்ளை தண்ணி பாட்டிலை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு தூணுக்குப் பின்னாடி நின்னா. உள்ள கூப்பிடுறப்ப ஆளைக் காணோம். பாத்ரூமுக்குள்ள இருந்து வர நாப்பது நிமிசம் ஆச்சு. மினிட்ஸ்ல "புகார்தாரர் தாமதமாக வந்தார்"னு ஒரு வரி வந்துச்சு. சொன்னது யாரோ, டைப் அடிச்சது என் கைதான். அந்த வருசமே அந்தப் பிள்ளை படிப்பை விட்டுட்டா. டி.சி.யையும் நான்தான் எழுதினேன். விலகும் காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்ல, அதுல "சொந்தக் காரணம்".

அதுக்கப்புறம் நான் கமிட்டியில இருந்தவரைக்கும் ரெண்டு பேருக்கும் வேற வேற நேரம், வேற வேற ரூம். அந்தாளு கேக்க நினைக்கிறதைத் தாள்ல எழுதித் தருவாரு, தலைவி படிச்சுப் பார்த்து, வேண்டாததை அடிச்சுட்டு மிச்சத்தைக் கேப்பாங்க. இப்படித்தான் வேணும்னு நீங்க முன்கூட்டியே கேட்டாத்தான் கிடைக்கும்.

மார்க்கு விசயம் அவசரம். விசாரணை முடியுறவரைக்கும் அந்தாளு இவளோட வேலையையோ பரீட்சையையோ மதிப்பிடக் கூடாதுன்னு கமிட்டி தடுத்து வைக்கலாம், அது இடைக்கால நிவாரணத்துல நேராவே இருக்கு. தள்ளியே இருக்கணும்னு எச்சரிக்கவும் சொல்லலாம். தேவைன்னா பிள்ளைக்கு மூணு மாசம் வரைக்கும் விடுப்பு தர இடமிருக்கு. ஆனா விடுப்பு எடுக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் போகலைன்னா எட்டாம் நாள் அந்தப் படியேற கால் வராது. வேற கைடு, வேற எக்ஸாமினர்னு தனி மனுவா எழுதுங்க, புகாரோட சேத்து எழுதாதீங்க. ரெண்டு காப்பி. ஒண்ணுல சீல், தேதி, இன்வார்டு நம்பர் வாங்காம கவுன்டரை விட்டு நகரக் கூடாது. "அப்புறம் வாங்க, சீல் உள்ள இருக்கு"ம்பாங்க. உள்ளதான் இருக்கும், எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

ரகசியம்னு கையெழுத்து வாங்கினது பொதுவுல, பத்திரிகையில, வாட்ஸ்அப் குரூப்புல போடக்கூடாதுங்கிறதுக்கு. அத்தைகிட்ட அழக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. மனநல டாக்டர்கிட்டயும் பேசலாம். 14416னு அரசோட மனநல உதவிக்கு டெலி மானஸ் நம்பர் இருக்கு, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. தூக்கம் இல்லாம இருக்காளே, அதுக்காகச் சொல்றேன்.

அந்த நாலு பக்கத்தைத் தனியா படிக்க விடாதீங்க. நீங்க சத்தமாப் படிங்க. ஒவ்வொரு வரிக்கும் அவகிட்ட "இது நடந்துச்சா, இல்லையா, காட்ட என்ன இருக்கு"ன்னு மட்டும் கேளுங்க. வருகை கம்மின்னு எழுதியிருக்காருல்ல? வருகைப் பதிவு நகலை ஆபீஸ்ல கேட்டு வாங்குங்க. கம்மியாவே இருந்தா எந்த மாசத்துல இருந்து கம்மின்னு பாருங்க. மெசேஜ் ஆரம்பிச்ச மாசத்துல இருந்துன்னா, அவர் எழுதினதே இவளுக்குச் சாட்சி. பையனோட சுத்துறதுங்கிறதுக்குப் பதிலே வேண்டாம்.


கே.கே.நகர் ஜூனியர் எழுதியது:

அக்கா கிட்டத்தட்ட எல்லாம் சொல்லிட்டாங்க, கணக்கு மட்டும் நான் தர்றேன். சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும், உங்க பொண்ணு கொடுத்துட்டா. விசாரணை 90 நாளுக்குள்ள முடியணும். முடிஞ்சு 10 நாள்ல அறிக்கை, அதோட நகல் ரெண்டு தரப்புக்கும் தரணும். யூ.ஜி.சி. விதிப்படி நிர்வாகம் 30 நாள்ல நடவடிக்கை எடுக்கணும், மேல்முறையீட்டுக்கும் 30 நாள். காலண்டர்ல இப்பவே வட்டம் போட்டு வைங்க.

போலீஸ் வழி தனி. ரெண்டும் ஒண்ணா நடக்கலாம். போலீசுக்குப் போகணும்னு அவ முடிவெடுத்தா அதுக்கு உதவுறதும் கமிட்டியோட கடமை. தொடுறதும் ஆபாசமாப் பேசுறதும் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த குற்றச் சட்டம்) 75ஆம் பிரிவு, பின்தொடர்ந்து தொல்லை கொடுக்குறது 78. ஆனா எத்தனை வருசம் ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க. நம்ம பக்கத்து அருப்புக்கோட்டை ஆடியோ வழக்கு ஞாபகம் இருக்கும், மாணவிகளைத் தப்பான வழிக்குக் கூப்பிட்டு ஒரு பேராசிரியை போன்ல பேசுனது. 2018ல வெடிச்சது, திருவில்லிபுத்தூர் மகளிர் கோர்ட்டுல 10 வருசம் தண்டனைன்னு தீர்ப்பு வர 2024 ஏப்ரல் ஆச்சு. அந்த ஆடியோ மட்டும் இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அதனால போனை மாத்தாதீங்க, ரிப்பேருக்குக் கொடுக்காதீங்க, அருவருப்பா இருக்குன்னு ஒரு மெசேஜைக் கூட அழிக்காதீங்க. தேதி தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க போனுக்கும் ஒண்ணு அனுப்பி வைங்க.

வக்கீல் உள்ள வரக்கூடாதே தவிர வெளிய ஆலோசனை கேக்கலாம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவசம், 15100க்குக் கூப்பிட்டாலும் போதும். கமிட்டிக்கு முன்னாடி "எங்க வக்கீல் சொன்னாரு"ன்னு மட்டும் அவ வாயில வந்துறக் கூடாது, எரிச்சலாயிருவாங்க.


செக்கானூரணி அண்ணன் எழுதியது:

நான் அடுத்த பக்கத்து ஆள். சொல்லலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

மூணு வருசத்துக்கு முன்னாடி என் தம்பி மேல கூடப் படிச்ச பொண்ணு புகார் கொடுத்துச்சு. வீட்டுல சொல்லாமலே மூணு வாரம் இருந்திருக்கான். எங்களுக்குத் தெரிஞ்சதும் என்ன செஞ்சோம்? எங்க பெரியப்பா, ஒரு கவுன்சிலர், நான், மூணு பேரும் பழம் பூவோட அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போனோம். பேசி முடிச்சுக்கலாம்னு. நாங்க மரியாதையாத்தான் போனோம்னு அன்னைக்கு நினைச்சேன். அந்தம்மா கதவைத் திறந்தப்ப முகத்துல இருந்த பயம் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. மிரட்ட வந்தோம்னு கமிட்டியில எழுதிக் கொடுத்தாங்க. சரியாத்தான் எழுதியிருக்காங்க.

உங்க வீட்டுக்கும் வருவாங்க. திருமங்கலத்துல தையல்கடைன்னா விசாரிச்சு வர எவ்வளவு நேரம்? ஜாக்கெட் தைக்கக் கொடுக்குற மாதிரியே கூட யாரையாவது அனுப்புவாங்க. உள்ள விடாதீங்க, தேதி, நேரம், வந்த ஆள் பேரு குறிச்சு வைங்க. சமரசம்னு ஒண்ணு சட்டத்துல இருக்கு, ஆனா அது புகார் கொடுத்தவ தானாக் கேட்டாத்தான், காசு கைமாறவும் கூடாது.

இன்னொண்ணு, இதுக்காக யாரும் திட்டினாலும் பரவால்ல. என் தம்பிக்கும் அப்ப ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. அவனைக் காப்பாத்துறதுக்கு இல்ல. "நீ என்ன செஞ்சியோ அதை அப்படியே எழுது"ன்னு சொல்றதுக்கு. அதைச் சொன்னது எங்க வீட்டுல யாருமில்ல, அவனோட ஹாஸ்டல் வார்டன். ஒரு செமஸ்டர் ஹாஸ்டலை விட்டு நீக்கி, கவுன்சிலிங் போகச் சொன்னாங்க. போனான். இப்ப ஒசூர்ல வேலையில இருக்கான். அந்தப் பொண்ணும் படிச்சு முடிச்சிருச்சுன்னு கேள்விப்பட்டேன், அதுக்கு மேல விசாரிக்கல, விசாரிக்கவும் கூடாது.


நாகமலை எழுதியது:

நான் புகார் கொடுத்து விசாரணைக்குப் போயிட்டு வந்தவ. அத்தை, நீங்க நூல் கோத்துக் கொடுத்தீங்கன்னு படிச்சதும் அழுதுட்டேன். என் ரூம்மேட்டும் அப்படித்தான். ஒண்ணும் கேக்க மாட்டா. தினம் ராத்திரி அன்னைக்கு நடத்துன நோட்ஸை என் தலைமாட்டுல வச்சுட்டுப் படுத்துருவா. நான் டிகிரி வாங்குனது அதனாலதான்.

ஒரே ஒரு யோசனை. விசாரணைக்கு முன்னாடி நாள் "என்ன சொல்லணும்"னு ஒத்திகை பாக்காதீங்க. எனக்கு எங்க சித்தப்பா அப்படிச் செஞ்சாரு, உள்ள போனதும் அவர் சொல்லிக் கொடுத்த வார்த்தைதான் வருது, என் வார்த்தை வரல. தேதியை மட்டும் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்து விடுங்க. அப்புறம் காலையில ஏதாச்சும் சாப்பிட வைங்க. வெறும் வயித்துல போய் எனக்கு நடுவுல கண்ணைக் கட்டிருச்சு.


திருமங்கலம் தையல்கடை எழுதியது:

எல்லாருக்கும் கும்பிடு. வியாழக்கிழமை போயிட்டு வந்துட்டோம்.

புதன்கிழமையே போய் மனு ரெண்டும் கொடுத்து சீல் வாங்கிட்டோம். சூப்பிரண்டு அக்கா சொன்ன மாதிரியே "சீல் உள்ள இருக்கு"ன்னாக. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவருக்கு மத்தியானம் ரெண்டு மணி, இவளுக்கு 11ண்டு மாத்திக் கொடுத்துட்டாக. என்னைய உள்ள விடல. சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட வேப்பமரத்தடியில உக்காந்திருந்தேன், கையில வேலை இருக்கட்டும்னு ஹெம்மிங் பண்ண ரெண்டு ஜாக்கெட்டு கொண்டு போயிருந்தேன். ஒரு மணி அம்பது நிமிசம். ஒரு தையல் கூட நேராப் போகல, வந்து அம்புட்டையும் பிரிச்சேன்.

வெளிய வந்தவ ஒண்ணும் சொல்லல. பெரியார் பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் பருத்திப்பால் வேணும்னா. ரெண்டு கிளாஸ் குடிச்சா. பஸ்ஸுலதான் சொன்னா, மாணவர் பிரதிநிதியா இருந்த பொண்ணு ஒண்ணு எந்திரிச்சு ஃபேனை இவ பக்கம் திருப்பி விட்டுச்சாம். அதைத்தான் மூணு தடவ சொன்னா.

அண்ணன்கிட்ட நான் சண்டை போடல. "நீ வந்து ஒரு நா அவளைக் காலேஜு வாசல்ல விட்டுட்டுப் போ, பெறகு நிப்பாட்டுறதப் பத்திப் பேசலாம்"ண்டு சொல்லியிருக்கேன். திங்கக்கிழமை வர்றேன்னாரு. வருவாரோ என்னவோ.

இப்ப ஒரு சந்தேகம். அவ சொன்னதை டைப் அடிச்சுப் படிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்குனாக. நகலை வீட்டுல வச்சுப் பாத்தா ஒரு தேதி தப்பு. லேபுக்கு வரச் சொன்னது ஜனவரி 11, ஞாயித்துக்கிழமை. அதுல 12ண்டு இருக்கு. 12 திங்கக்கிழமை, அன்னைக்கு லேப் நெறைய ஆளு. கையெழுத்துப் போட்டாச்சே, இனிமே மாத்த முடியுமா?


ரிட்டையர்டு சூப்பிரண்டு எழுதியது:

முடியும். நாளைக்கு ஆபீஸ் திறந்ததும் கொடுங்க. திங்கள் வரைக்கும் காத்திருக்காதீங்க, அதுக்குள்ள அந்தாளு தரப்பு அந்த 12ஐப் பிடிச்சுக்கும். தலைவி பேருக்கு இப்படி எழுதச் சொல்லுங்க: "எனது வாக்குமூலத்தில் 12 என்று பதிவாகியுள்ள தேதி 11, ஞாயிற்றுக்கிழமை என்று இருக்க வேண்டும். தட்டச்சில் நேர்ந்த பிழை. இந்தக் கடிதத்தை வாக்குமூலத்தோடு இணைத்துப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன்." பக்க எண், வரி எண் போடுங்க. அன்னைக்கு வரச் சொன்ன மெசேஜ் ஸ்கிரீன்ஷாட் கூட ஒட்டுங்க, அதுல தேதி இருக்கும். பழைய தாள்ல அவ கையால எதையும் அடிச்சுத் திருத்தக் கூடாது.


திருமங்கலம் தையல்கடை எழுதியது:

சரிங்கக்கா. இப்பவே பக்கத்து நெட் சென்டர்ல அடிக்கப் போயிட்டா. காலையில 8.10 பஸ்ல ரெண்டு பேரும் போறோம்.